சாமி ரூம் வைத்த வேன்

அந்த வேனைப் பார்த்த உடனே நான் வெறுத்துவிடவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் அதற்கு அதிகம் ஆசைப்பட்டவள் நான்தான். அதனால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கொழுந்தன் ஓசூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய கம்பெனி வேன் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்துவந்து பட்டறைக்குப் பின்னால் நிறுத்தி, ஞாயிறு ஞாயிறாக அதிலேயே கிடந்தான். சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் படுக்கை வைத்தான். கேஸ் அடுப்புக்கு மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி, கூரைமேல் தண்ணீர் டேங்க், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வெளிநாட்டில் வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதை டிவியில் பார்த்திருக்கிறான். நம் ஊரில் அதை வாடகைக்கு விட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவன் கனவு. ஏலகிரிக்கு மூன்று நாள் போய்வந்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான். அவன், என் கணவர், மாமியார், நான். நாலே பேர்.

நான் சரி என்றதற்குக் காரணம் படுக்கையும் இல்லை, ஏலகிரியும் இல்லை. வண்டியின் பின்மூலையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே பீங்கான், ஒரு குழாய், ஒரு பிளாஸ்டிக் மக். "அண்ணி, உங்கள நெனச்சுத்தான் இத வெச்சேன்" என்றான் கொழுந்தன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒரு கக்கூஸைப் பார்த்து அழுதவள் என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் லைனில் நின்றேன். லைனில் முப்பது பெண்களுக்கு இரண்டு டோக்கன். டோக்கன் கையில் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம். அதுவும் பதில் ஆள் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான். வரிசை வருவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும். ஆகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரே வாரத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும். அந்த மூன்று வருடத்தில் நான் சேர்த்தது என் கல்யாண நகையும் நீர்க்கடுப்பும். நகை போனது, நீர்க்கடுப்பு போகவில்லை.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது தங்கி, ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஓசூர் டாக்டரம்மா சீட்டில் எழுதியதைவிட வாயால் அதிகம் சொன்னார்: "தண்ணி நெறையக் குடிக்கணும். ஒண்ணுக்கு வந்தா அடக்கவே கூடாது. அடக்கினா கிருமி மேல ஏறும், காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தா கொழந்தைக்கு ஆபத்து. புரியுதா?" என் கணவர் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினார்.

மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் முறத்திலிருந்து நிமிரவில்லை. "நாங்கல்லாம் புள்ள பெக்கலையா? காட்டு வேலைக்குப் போனா பொழுது சாயறமுட்டும் அடக்கிக்கிட்டுத்தான் கெடந்தோம். என்னாத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" அவர் ஆத்தூர்ப் பக்கம். பயணம் என்றால் பெண்பிள்ளைக்கு நாக்கு நனையக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். பஸ் ஏறுகிற அன்றைக்குக் காலையில் அரை டம்ளர் காப்பி, அதோடு சரி. அவருடைய அம்மா அப்படித்தான், அவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று விடியற்காலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஆயிற்று. நான் ஏறி, நேரே பின்னால் போய் அந்தக் கதவைத் திறந்தேன். உள்ளே முருகன் இருந்தார்.

பீங்கான் இருந்த இடத்தில் பலகை அடித்து, அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டியிருந்தது. முருகன் படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு. கீழே அரிசி மூட்டை, குத்துவிளக்கு, எண்ணெய்ப் பாட்டில். கதவின் உள்பக்கம் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு.

"அத்தை, இது..."

"சாமி ரூமு" என்றார் மாமியார். "செருப்போட ஏறாத. அடுப்பு எரியற எடத்துல கக்கூசா? சோறு அங்க, அது இங்க, ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழயா? இதுல போனா குடும்பம் வெளங்குமா?"

கொழுந்தன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளைக்கு முன்பு அம்மா சொல்லி, அவனே தன் கையால் பெயர்த்திருக்கிறான். "வழியில எத்தன எடத்துல நிக்கப்போறோம் அண்ணி, பாத்துக்கலாம்" என்றான். என் கணவரைப் பார்த்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதில் அவர் கெட்டிக்காரர். "ஆமா, பாத்துக்கலாம்" என்றார் அவரும். நான் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது, அந்த வெட்கத்துக்கு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் தண்ணீர் குடித்தேன். டாக்டர் சொன்னபடி குடித்தே தீருவேன் என்ற வீம்போடு, சூளகிரி வருவதற்குள் ஒரு பாட்டிலை முடித்தேன். அங்கே டீக்கடையில் நிறுத்தினார்கள். மலையைப் பின்னால் வைத்து என் கணவர் புது டிஜிட்டல் கேமராவில் வேனைப் படம் எடுத்தார். நாலு வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி, புதர்களை வழித்து, இரண்டு பக்கமும் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி வைத்திருந்தார்கள். ஒதுங்க ஒரு குத்துச்செடி இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கன்னடத்தில் தன் மனைவியிடம் ஏதோ கேட்டார், அந்தம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர்களுக்கே விடிவதற்கு முன்புதானாம்.

அடுத்தது பெட்ரோல் பங்க். அங்கே 'பெண்கள்' என்று எழுதிய கதவு ஒன்று இருந்தது, அதில் பெரிய பூட்டு ஒன்றும் இருந்தது. "சாவி ஓனர்கிட்ட இருக்குதுங்க. ஓனரு கிருஷ்ணகிரி போயிருக்காரு" என்றான் பங்க்காரன். "ஆம்பளைங்கன்னா பின்னாடி செவுரு இருக்குது." என் கணவரும் கொழுந்தனும் அந்தச் சுவருக்குப் போனார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். நான் ஜன்னல் வழியாக அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்தவரை நான் உண்மையாக வெறுத்தது அன்றுதான் முதல் தடவை.

"ஈமு கோழி பாருங்கள்" என்ற போர்டுக்காக அடுத்து நிறுத்தினார்கள். அப்போது எங்கே பார்த்தாலும் ஈமுப் பேச்சுதான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு இருபது முப்பது பறவைகள், அழுக்குத் துடைப்பத்துக்குக் கால் முளைத்த மாதிரி. பண்ணையாள் அதன் எண்ணெயைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் கொழுந்தனிடம் அளந்துகொண்டிருந்தான். நான் கேட்டதற்கு, "லேடீஸ் யாரும் வேலைக்கு இல்லீங்க, அதனால கட்டல" என்றான். வலை ஓரமாக வந்த பறவை ஒன்று கழுத்தை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தபடியே தன் காரியத்தை முடித்துக்கொண்டு போனது. ஒரு பறவைமேல் எனக்கு அவ்வளவு பொறாமை வரும் என்று நினைத்ததில்லை.

திரும்ப ஏறியபோது என் இரண்டாவது பாட்டிலைக் காணோம். மாமியார் அதை எடுத்து முருகனுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்.

"அத்தை, தண்ணி."

"குடிக்கிறது, எறக்கிவிடுங்கறது. குடிக்கிறது, எறக்கிவிடுங்கறது. சும்மா உக்காரு. ஒரு நாளு நாக்கு காஞ்சா செத்துர மாட்ட."

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரு ஒனக்கு மாமியாளா, நான் மாமியாளா?"

கணவர் கேமராவில் ஈமுவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்திருக்கலாம், அது ஒன்றும் இரும்புக் கோட்டை இல்லை. சாமி இருக்கிற கதவைச் சண்டை போட்டுத் திறந்து, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான் கையைக் கட்டியது. அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவர் பாட்டிலை அங்கே வைத்தார். மாமியாருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு ஜூஸ் கடை. வாசலில் சிமெண்ட்டில் ஒரு மாம்பழம் கட்டியிருந்தார்கள், அதன் வயிற்றில் வாசல் வைத்து உள்ளே கடை. கொழுந்தன் மாம்பழத்தின் காம்பைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தான். பின்பக்கம் கழிப்பறை இருந்தது, கதவுவரைக்கும் மாம்பழப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். "சீசன் முடிஞ்சதும் எடுத்துருவோம் மேடம்" என்றான் கடைப்பையன். எனக்குள் அதற்குள் எரிச்சல் தொடங்கியிருந்தது. அந்த எரிச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். மாமியார் ஜூஸைத் தொடவில்லை. உதடு வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. காயட்டும் என்றுதான் தோன்றியது.

கிருஷ்ணகிரி அணைக்கட்டில்தான் நான் தப்புச் செய்தேன். அதை மறைக்க மாட்டேன். அங்கே பூங்காவுக்குள் கட்டணக் கழிப்பிடம் இருந்தது, திறந்தும் இருந்தது. ஆனால் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பெண்பிள்ளைகள் நாற்பது பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். இரண்டே அறை. நான் வரிசையில் நின்றேன். ஆண்களும் மாமியாரும் அணையைப் பார்த்து, மீன் வறுவல் வாங்கித் தின்று, படம் எடுத்து முடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர். கொழுந்தன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். விட்டு விட்டு அடித்தான், பிறகு விடாமல் அடித்தான். கணவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அம்மா சத்தம் போடறாங்க. எல்லாரும் பாக்கறாங்க. பர்கூர்ல நல்ல எடமா நிறுத்தச் சொல்லியிருக்கேன். வா."

"என்னங்க, இன்னும் பத்துப் பேருதான்."

"ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தாத. வா."

போனேன். இத்தனை திமிர் பேசுகிற நான், புருஷன் முகம் வாடுகிறதே என்று அந்த வரிசையை விட்டு வந்தேன். முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, "அக்கா, நீங்க முன்னாடி போங்க" என்று சொல்ல வாயெடுத்ததும் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை.

பர்கூரில் 'நல்ல இடம்' என்பது ஒரு கிரானைட் பட்டறை. ஆனை உயரத்தில் செதுக்கி வைத்த ஒரு நந்தி ரோட்டிலிருந்தே தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் கொழுந்தன் நிறுத்தினான். மதியம் திரும்பியிருந்தது. எனக்கு அடிவயிறு கல்லாகிப் போயிருந்தது. இடுப்புக்குப் பின்னால் குத்து, அந்த வெயிலிலும் குளிர் எடுத்தது. பல் கிட்டித்தது. கல் பாளங்களுக்கு நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும், யாரையும் எதுவும் கேட்காமல், மூத்தவராக இருந்த ஒருவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ரா தல்லி, ரா. வாம்மா" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி என் கையைப் பிடித்தார். மற்றவர்களிடம் ஏதோ அதட்டினார். சோற்றுக் கையோடு எல்லோரும் எழுந்து வந்தார்கள். நிறுத்தி வைத்த இரண்டு பாளங்களுக்கு நடுவில் சந்து மாதிரி இடம். அதன் வாயில் நாலு பேர் முதுகைக் காட்டி நெருக்கி நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். அங்கே தினமும் அப்படித்தான் போலிருக்கிறது. நான் உட்கார்ந்தேன். விடியற்காலையிலிருந்து காத்திருந்து, வந்தது சொட்டுச் சொட்டாக. நெருப்பு மாதிரி. கடைசியில் சிவப்பாக வந்தது. நான் கத்தினேன். என் பிள்ளை போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்த மூத்தவர் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். "பிட்ட காது. கொழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா, நீர்தான் கெட்டுக்கெடக்குது. ஒடனே ஆஸ்பத்திரி போ" என்று சொல்லி, தன் தூக்குச்சட்டித் தண்ணீரை என் வாயில் ஊற்றினார். முழுவதும் குடித்தேன்.

நான் வெளியே வரும்போது எதிரே மாமியார் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தள்ளாத குறையாக உள்ளே போனார். அந்தப் பெண்கள் அவருக்காகவும் முந்தானையைப் பிடித்தபடியே நின்றார்கள். நல்ல நேரம் ஆனது. பிறகு வெளியே வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வேனுக்குப் பக்கத்தில் நின்ற மகன்களிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா. இவளாலதான் எல்லா எடத்துலயும் லேட்டு."

அதுவரைக்கும் அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டதும் கண் காய்ந்துவிட்டது. நான் வேனில் ஏறவில்லை. என் பையைக்கூட எடுக்கவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். கல் பட்டறைப் பெண்ணும் கூடவே வந்தார். கிருஷ்ணகிரி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் சத்தம் போட்டு எனக்கு முன்சீட்டு வாங்கித் தந்தார். தன் இடுப்பிலிருந்து டிக்கெட்டுக்கும் எடுத்துக் கொடுத்தார். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. பஸ் கிளம்பும்போது என் கணவர் இந்தப் பக்கம் ஓடி வருவதும், ரோட்டு நடுவில் லாரிக்கு நிற்பதும், அம்மா கூப்பிடுவதற்குத் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது.

பிள்ளை பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களை நான் பதறவைக்க மாட்டேன். என் மகள் இப்போது என்னைவிட உயரம், வாயும் என்னைவிட நீளம். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் என்னைப் படுக்கவைத்து, இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, வயிற்றில் கருவியை வைத்து அசைத்து அசைத்துத் தேடினார். சத்தம் கிடைக்கும்வரைக்கும் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. கிடைத்தது. ஆனால் கிருமி கிட்னிவரைக்கும் ஏறிவிட்டது என்றார். வலி நிற்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து என் கணவர் வந்து சேர்ந்தார். கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவரை நிறுத்தினார்.

"அஞ்சு மாசம். காலையிலேர்ந்து அடக்கி வெச்சிருக்காங்க, தண்ணியும் இல்ல. பத்து நிமிஷம், எங்கயாவது ஒரு எடத்துல வண்டிய நிறுத்தியிருக்கக் கூடாதா சார் நீங்க?"

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. டாக்டர் தன்னை அநியாயமாகக் குற்றம் சொல்கிறார் என்றுதான் அவர் உண்மையாகவே நினைத்தார். விரலை மடக்கி மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"நிறுத்தாம என்ன டாக்டர்? ஆறு எடத்துல நிறுத்தினோம்."